தொடை யாருக்கு? குடல் யாருக்கு?

டிசம்பர் பிறந்துவிட்டால் கைப்பேசியைத் திறந்தாலே ஹாம்தான். அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்பக்கத்தில் இரும்புப் புகையடுப்பைத் திறக்கிறார். உள்ளே முழுசாக ஒரு பன்றித் தொடை. மேல்கொழுப்பைக் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தியிருக்கிறார். மேலே அன்னாசி வளையங்கள், வளையத்தின் நடுவே சிவப்பாகச் செர்ரிப் பழம். சர்க்கரையும் பழச்சாறும் சேர்த்துக் காய்ச்சிய பாகைத் தூரிகையில் தொட்டுப் பூசுகிறார். தொடை கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கீழே நம்ம ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக இதயக்குறி போட்டிருக்கிறார்கள். "ஒருநாள் இதைச் சாப்பிட்டே ஆகணும்" என்று எழுதியவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவரும் இருந்தார்.

இதே ஆள், எங்கள் தெருவில் பன்றிக்கறி வேகிற வாசனை வந்தால் வண்டியை முறுக்கிக்கொண்டு போவார். "இதையெல்லாம் எப்படித்தான் திங்கிறீங்களோ" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பார்கள். சாதி எல்லா நேரமும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. பழக்கத்தோடு வருகிறது, மூக்கு வழியாக வருகிறது.

ஹாம் என்பது பன்றியின் பின்னந்தொடை. அவ்வளவுதான். சென்னையில் நட்சத்திர விடுதியின் கிறிஸ்துமஸ் விருந்தில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர் மெல்லிசாகச் சீவித் தட்டில் வைத்தால் அது நாகரிகம். சேரியில் விறகடுப்பில் வெந்தால் அது அசிங்கம். விலங்கு ஒன்று, கறி ஒன்று. யார் கையிலிருந்து வருகிறது என்பதுதான் வேறு.

இந்த இரட்டை நாக்கைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த முறை சொல்ல வந்தது வேறு. நாம் இதயக்குறி போடுகிற அந்த ஹாமுக்கும் அதன் சொந்த மண்ணில் ஒரு ஊரும் சேரியும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் பளபளப்புக்குப் பின்னால் நமக்குப் பழக்கமான முகங்கள் தெரியும்.

புகைக்கொட்டகையின் சாவி

குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் குளிர்காலம்தான் பன்றி வெட்டும் காலம். வெயில் நாளில் வெட்டினால் உப்பு உள்ளே இறங்குமுன் கறி கெட்டுப்போகும். வெட்டிய பன்றியைக் கொதிநீரில் முக்கி, மயிரைச் சுரண்டி, தலைகீழாகத் தொங்கவிட்டுக் குடல் எடுப்பார்கள். தொடையையும் தோளையும் உப்புப் போட்டுத் தேய்த்து மரப்பெட்டியில் வாரக்கணக்கில் அடுக்கி வைப்பார்கள். உப்பு உள்ளிருக்கும் நீரை இழுத்துவிடும். பிறகு கழுவி, ஜன்னல் இல்லாத கொட்டகையின் உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே ஹிக்கரி மரக்கட்டையைப் புகைய விடுவார்கள். தீ எழும்பக் கூடாது, எழும்பினால் கறி வெந்துவிடும். அணையவும் கூடாது, அணைந்தால் கெட்டுவிடும். இரவும் பகலும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புகை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொங்கினால்தான் அது ஊரே பேசும் வர்ஜீனியா ஹாம்.

பெரிய தோட்டங்களில் அந்த ஒருவர் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். வெட்டியது, சுரண்டியது, உப்புத் தேய்த்தது, புகைக்குக் கண்விழித்தது, சமைத்தது, பரிமாறியது எல்லாம் கறுப்பினத்தவர்கள். அமெரிக்காவின் மூன்றாம் அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் தன் அடிமை ஜேம்ஸ் ஹெமிங்ஸை 1784-இல் பாரிசுக்குக் கூட்டிப்போய்ச் சமையல் பழக்கினார். அவருக்கு விடுதலை கிடைத்தது 1796-இல். அதுவும் தம்பிக்குத் தன் கைப்பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ என்ற நிபந்தனையோடு. அரசியல் விடுதலை பற்றி உலகம் கொண்டாடும் பிரகடனத்தை எழுதியவர் வீட்டுச் சமையலறைக் கதை இது.

புகைக்கொட்டகையில் வேலை செய்தவர் கையில் அதன் சாவி இருந்ததில்லை. அது எஜமான் வீட்டில் இருந்தது. நல்ல தொடை பெரிய வீட்டு மேசைக்கும் சந்தைக்கும் போகும். அடிமைக் குடிசைக்கு வந்தது உப்புப் போட்ட கொழுப்புத் துண்டு, கால், காது, தாடை, குடல். மேரிலாந்தில் அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் கணக்கே சொல்கிறார். வளர்ந்த ஒருவருக்கு மாதத்துக்கு எட்டு பவுண்டு பன்றிக்கறி, இல்லையென்றால் அதற்கு ஈடாக மீன். கூடவே ஒரு புஷல் சோளமாவு. எட்டு பவுண்டு என்றால் மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல். காலையிலிருந்து இருட்டும் வரை வயலில் நிற்கும் உடம்புக்கு ஒரு மாதத்துக்கு அவ்வளவு.

ஆங்கிலத்தில் வசதியாக வாழ்கிறவரைப் பன்றியின் மேல்பாகத்தைத் தின்கிறவர் என்று சொல்லும் வழக்கு இருக்கிறது. மேலே இருப்பது முதுகும் தொடையும். கீழே இருப்பது காலும் குடலும். ஒரு விலங்கின் உடம்பிலேயே வர்ணம் பிரித்துவிட்டார்கள். நமக்கு இது புதிதா? தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

டக்ளஸ் பிற்பாடு எழுதிய இன்னொரு புத்தகத்தில் எஜமான் வீட்டுக் கறியை எடுத்துத் தின்றதற்கு ஒரு நியாயம் சொல்வார். நானும் எஜமானின் உடைமை, கறியும் எஜமானின் உடைமை. ஒரு தொட்டியில் இருந்த அவர் பொருளை இன்னொரு தொட்டிக்கு மாற்றினேன், இதில் திருட்டு எங்கே வந்தது என்பது அவர் வாதம். வாசிக்கும்போது சிரிப்பு வரும். அடுத்த நொடி தஞ்சைப் பண்ணைகள் நினைவுக்கு வரும். விளைவித்தவர் வீட்டில் சோறு இல்லை. அவர் மேல் குற்றம் சொன்னால் சவுக்கடியும் சாணிப்பாலும். உழைத்தவனைத் திருடன் என்று சொல்வதற்கு உலகம் முழுக்க ஒரே மொழிதான்.

பண்டிகை என்கிற கயிறு

ஹாம் விடுமுறை விருந்து. அந்த விடுமுறையைப் பற்றியும் டக்ளஸ் எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அடிமைகளுக்கு வேலை கிடையாது. எஜமான்களே சாராயம் வாங்கிக் கொடுப்பார்கள், யார் அதிகம் குடிக்கிறார் என்று பந்தயம் கட்டுவார்கள். அந்த நாட்களில் குடிக்காமல் இருப்பவரை ஏளனம் செய்வார்கள். இது இரக்கத்தால் கொடுத்த ஓய்வு என்று டக்ளஸ் ஒப்புக்கொள்ளவில்லை. கலகம் மூண்டுவிடாமல் இருக்க வைத்த ஆவிபோக்கி அது என்கிறார். சுதந்திரம் என்றால் குடித்து விழுவதுதான் என்று நம்பவைத்து, வெட்கத்தோடு மறுபடி வயலுக்குத் திருப்பி அனுப்புகிற ஏற்பாடு.

புத்தாண்டு அதைவிடக் கொடுமை. வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861-இல் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. ஜனவரி 1 அன்றுதான் அடிமைகளைக் குத்தகைக்கு விடுவார்கள், விற்பார்கள். விருந்து முடிந்த வாரத்தின் கடைசி இரவில் அடிமைத் தாய் பிள்ளைகளைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு விழித்திருப்பாள், விடிந்தால் எந்தப் பிள்ளை இருக்கும் எந்தப் பிள்ளை போகும் என்று தெரியாமல்.

இங்கேயும் பண்டிகைக்கு வேட்டி துண்டு கொடுத்தார்கள். பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தார்கள். வாங்கும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கொல்லைப்புறம் நிற்க வேண்டும். எங்கள் தாத்தா தலைமுறை அதை "பெரிய மனசு" என்றுதான் சொன்னது. அந்தத் துண்டின் விலையை ஆண்டு முழுக்கக் கொடுக்காத கூலியோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. கணக்குக் கேட்டபோது என்ன நடந்தது? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு வைத்துக் கொளுத்தினார்கள். கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல். அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். உலகம் கிறிஸ்துமஸ் விருந்து முடித்துக் கைகழுவிய அதே இரவு.

பாகுக்குள் இருப்பவர்கள்

ஹாம் மேல் பூசும் பாகுக்கும் கதை உண்டு. லூசியானாவில் அடிமைகளும், கரீபியன் தீவுகளில் அடிமைகளும் வெட்டிய கரும்பிலிருந்துதான் அந்தச் சர்க்கரை வந்தது. அடிமை முறையை ஒழித்தபின் ஆங்கிலேயக் காலனிகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து பிடித்தார்கள்? நம் ஊரிலிருந்தும்தான். 1860-இல் மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் அந்த நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கூலிகளை இறக்கியது. கரும்பு வெட்ட ஒப்பந்தத்தில் போனவர்களில் சேரிக்காரர்கள் ஏராளம். சர்க்கரை இனிப்பு என்பது தின்பவர் வாய்க்கு மட்டும்.

அன்னாசி வளையமும் அப்படித்தான். ஹவாய் தீவுகளில் 1893-இல் வெள்ளைத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் அமெரிக்கக் கடற்படையின் பின்பலத்தில் ராணி லிலியுவோகலானியை இறக்கினார்கள். புதிய அரசின் தலைவர் சான்ஃபோர்ட் டோல். அவருடைய உறவினர் ஜேம்ஸ் டோல் 1901-இல் அங்கே அன்னாசி நிறுவனம் தொடங்கினார். வயலில் குனிந்து நின்றவர்கள் ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த கூலிகள். டப்பாவில் அடைத்த வளையம் அமெரிக்க அடுக்களைகளுக்குப் போய்ச் சேர்ந்து ஹாம் மேல் உட்கார்ந்தது. ஒரு பண்டிகைத் தட்டில் எத்தனை தோட்டக் கூலிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள்.

இன்றும் அதே மண்ணில்

பழைய கதை என்று தள்ள முடியாது. காணொளியில் புகை போடுகிறவர் கடையில் வாங்கும் ஹாம் பெரும்பாலும் ஏற்கெனவே உப்பில் ஊறி, புகையில் வெந்து வந்ததுதான். அவர் வீட்டில் செய்வது இரண்டாம் புகை. 110, 120 டிகிரி செல்சியஸில் மெதுவாகச் சூடேற்றி, உட்சூடு 60 டிகிரி வரும்போது எடுக்கிறார். பாகைக் கடைசி அரைமணி நேரத்தில்தான் பூச வேண்டும், முன்னால் பூசினால் சர்க்கரை கருகிவிடும். கடினமான வேலையெல்லாம் தொழிற்சாலையில் வேறு யாரோ முடித்துவிட்டார்கள். கைதட்டல் கடைசியில் பாகு பூசியவருக்கு.

ஹாரியட் ஜேக்கப்ஸ் பிறந்த அதே வட கரோலினாவில் டார் ஹீல் என்ற சிற்றூரில் 1992-இல் திறந்த ஆலையில் ஒரே நாளில் 30,000-க்கும் மேற்பட்ட பன்றிகளை வெட்டுகிறார்கள். கத்தி பிடித்து நிற்பவர்கள் கறுப்பினத்தவர்களும், மெக்சிகோ முதலான நாடுகளிலிருந்து வந்தவர்களும். சங்கம் வைக்க 1990-களில் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்து தோற்றார்கள். மிரட்டலும் வேலைநீக்கமும் நடந்தன. விடவில்லை. 2008 டிசம்பரில் வென்றார்கள். எனக்கு டிசம்பர் என்றால் இதுவும் நினைவுக்கு வரும்.

அந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பன்றிப் பண்ணைகளின் கழிவைத் திறந்த குட்டைகளில் தேக்கி, பிறகு வயலில் பீய்ச்சியடிக்கிறார்கள். துணி காயப்போட முடியாது, ஜன்னல் திறக்க முடியாது. சுற்றி இருப்பவர்களில் கறுப்பினத்தவர் அதிகம், ஏழைகள் அதிகம். அவர்கள் வழக்குப் போட்டு, 2018-இல் அடுத்தடுத்து நடுவர் குழுக்கள் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது, மாநிலச் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? இனி இப்படி வழக்குப் போடுவதையே கடினமாக்கிச் சட்டம் போட்டது. குப்பைக் கிடங்கும் சாயக்கழிவும் எப்போதும் சேரி ஓரத்துக்கே வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொரோனா வந்தபோது 2020 ஏப்ரலில் கறி ஆலைகளை மூடக் கூடாது என்று அமெரிக்க அதிபரே உத்தரவு போட்டார். தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் ஆலையில் 1,294 பேருக்காவது தொற்று, 4 பேர் சாவு என்று தொழிலாளர் பாதுகாப்புத் துறையே சொன்னது. அதற்கு விதித்த அபராதம் 13,494 டாலர். மலக்குழியில் இறந்த நம் தோழர்களின் கோப்புகளைப் புரட்டிய யாருக்கும் இந்தத் தொகையின் மொழி புரியும்.

தின்பதா, விடுவதா?

இதைப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும். "அப்படியானால் பன்றியை விட்டுவிடலாமே, அதுதானே சுயமரியாதை?" இந்த வாதம் கறுப்பினத்தவரிடையேயும் நடந்தது. நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தின் எலிஜா முகமது பன்றிக்கறியை அறவே தடுத்தார். மால்கம் எக்ஸ் சிறையில் தன் முன் வந்த பன்றிக்கறியை வேண்டாம் என்று நகர்த்தியதைத் தன் மாற்றத்தின் முதல் படியாகச் சொல்வார். இன்னொரு பக்கம் அதே மக்கள், எஜமான் வீசிய காலையும் குடலையும் கீரையோடு வேகவைத்து, "ஆன்ம உணவு" என்று பெயர் சூட்டித் தலைநிமிர்ந்து பரிமாறினார்கள்.

அண்ணல் 1927 மார்ச்சில் மகாடில் செத்த மாட்டின் கறியைத் தின்னாதீர்கள் என்று சொன்னார். இதை எடுத்துக்கொண்டு, "அம்பேத்கரே கறி வேண்டாம் என்றார்" என்று நமக்கே பாடம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் சொன்னதைச் சரியாகப் படிக்க வேண்டும். செத்த மாட்டை இழுப்பது ஊர் நம் மேல் சுமத்திய வேலை. அந்தக் கறி அந்த வேலைக்கான கூலி. அதை மறுப்பது ஊர்க்கட்டளையை மறுப்பது, ஒரு வேலைநிறுத்தம். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே மகாடில் மனுஸ்மிருதி எரிந்தது. உணவை மறுத்ததும் நூலை எரித்ததும் ஒரே போராட்டம்.

நாம் காசு கொடுத்து வாங்கி, நாமே வெட்டி, நம் அடுப்பில் சமைக்கும் கறி அந்தக் கணக்கில் வராது. அதை விடச் சொல்கிறவர் நம்மைக் கட்டளையிலிருந்து விடுவிக்கவில்லை, இன்னொரு கட்டளை போடுகிறார். 2022-இல் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்களே, அதுவும் கட்டளைதான். எதிர்ப்பு வந்தது. மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையமே பாகுபாடு இல்லையா என்று கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள்.

என் நிலை இதுதான். பிடிக்கவில்லை என்று விடுகிறவர் விடட்டும். வெட்கப்பட்டு விட வேண்டாம். பிடித்தால் தின்னட்டும், ஆனால் ஹாம் என்றால் பெருமையும் பன்றிக்கறி என்றால் கூச்சமுமாகத் தின்ன வேண்டாம். நம் படித்த பிள்ளைகளிடம்தான் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் "எங்க வீட்ல கிறிஸ்துமஸுக்குச் சிக்கன்தான்" என்று பொய் சொல்கிற பிள்ளை எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை அவன் வாயில் வைத்தது யார்?

கூறு

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்குப் பங்குக்கறி போடுவார்கள். பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து பணம் போட்டு ஒரு பன்றி பிடிப்பார்கள். வெட்டிப் பனையோலைப் பாயில் கூறு வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், கொழுப்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு பிடி. தொடை முழுசாக ஒரு வீட்டுக்குப் போகாது. எந்தக் கூறு யாருக்கு என்று ஒரு சின்னப் பிள்ளையைத் திரும்பி நிற்கவைத்துக் கேட்பார்கள். பணம் போட முடியாத கிழவி வீட்டுக்கும் ஒரு சின்னக் கூறு போகும். மீந்ததில் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து அடுப்புக்கு மேலே கட்டுவாள் அம்மா. மார்கழிப் பனியில் வெயில் போதாது, அடுப்புப் புகைதான் காயவைக்கும். அந்த உப்புக்கண்டம் பொங்கல் வரை வரும். புகை போடுவது எங்களுக்கு அமெரிக்காக்காரன் சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கூறு உண்டு. வர்ஜீனியாவில் விடுதலை பெற்ற அடிமைகள் சேர்ந்து அமைத்த ஊர் ஃப்ரீடவுன். அதை நிறுவியவர்களில் ஒருவரின் பேத்தி எட்னா லூயிஸ், 1916-இல் பிறந்தவர். நியூயார்க்கில் பேர்பெற்ற சமையல் கலைஞராகி, 1976-இல் தன் ஊர்ச் சமையலைப் புத்தகமாக எழுதினார். பன்றி வெட்டும் நாளும், ஊரே சேர்ந்து செய்த வேலையும், புகைபோட்ட ஹாமும், கிறிஸ்துமஸ் பலகாரமும் அதில் வருகின்றன. அவர் எழுதிய ஹாமும் உப்பும் புகையும் சேர்ந்த அதே ஹாம்தான். சாவி மட்டும் கைமாறியிருந்தது. கொட்டகை அவர்களுடையது, தொடையும் அவர்களுடையது.

1873-இல் ஜோதிராவ் புலே தன் "குலாம்கிரி"யை அடிமை ஒழிப்புக்காக நின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அண்ணல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மும்பையில் தலித் பேந்தர்கள் பெயரையே அங்கிருந்து எடுத்தார்கள். நமக்கும் அவர்களுக்கும் உறவு பழையது. அந்த உறவில் ஒரு அடுப்பும் இருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இந்த டிசம்பர் 25 அன்று காலையில் வெண்மணித் தோழர்களுக்கு வீரவணக்கம். மகாடின் தீக்கு வணக்கம். மதியம் யார் வீட்டிலாவது கறி வெந்தால் கதவைத் திறந்து வையுங்கள், வாசனை தெருவுக்குப் போகட்டும். அன்னாசிப் பாகு பூசித்தான் செய்ய ஆசையா, தாராளமாகச் செய்யுங்கள். சீவும்போது மட்டும் கூறு போட்டுச் சீவுங்கள்.

ஜெய்பீம்.